பக்கத்து வீட்டுக்குப் போன போசி

போசி என்றால் பாத்திரம். எங்கள் கோபிப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். என் சமையலறையின் மேல் அலமாரியில் ஓர் எவர்சில்வர் தூக்குப் போசி இருக்கிறது. அடியில் அம்மாவின் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். கல்யாணமாகி அமெரிக்காவில் இந்த பிஸ்கட்டவே ஊருக்கு வந்தபோது பெட்டியில் துணிக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தது. அதை எடுத்துப் புழங்கி நான்கு வருஷத்துக்கு மேல் ஆகிறது. வேறு ஏதாவது எடுக்கப் போகும்போது கண்ணில் பட்டால் எனக்குக் கோபம் வரும். யார் மேல் என்று கேட்டால் பட்டியல் நீளம். அதில் முதல் பெயர் என்னுடையது.

கொரோனா காலத்தில் அமெரிக்காவில் ஆசியர்கள் பட்ட அவமானத்தைப் பற்றி எங்கள் ஆட்கள் நிறையப் பேசுகிறார்கள். தமிழ்ச் சங்க மேடையில் பேசுகிறார்கள், பிள்ளைகளைக் கட்டுரை எழுதச் சொல்கிறார்கள். நாமும்தான் பாதிக்கப்பட்டோம் என்று பெருமூச்சு விடுகிறார்கள். பாதிக்கப்பட்டோம், சரி. அதற்கு முன்னால் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று ஒரு வாய் திறப்பதில்லை. கேட்டால், அதெல்லாம் அப்போதைய பயம் என்பார்கள். பயமாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்களுடையது வரிசை வீடு. எங்கள் வரவேற்பறைச் சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு சீனப் பெண்மணி குடியிருக்கிறார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். கணவர் இறந்துவிட்டார், மகள் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தாள். இவர் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். நாங்கள் குடிவந்த வாரம், என் மகள் காய்ச்சலில் கிடந்தபோது, கதவைத் தட்டி வெப்பமானி கொடுத்தவர். பதிலுக்கு நான் அரிசிம்பருப்புச் சாதம் செய்து, மேலே நெய் விட்டு, அந்தத் தூக்குப் போசியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் போசியைப் பளபளவென்று கழுவிக் கொண்டுவந்து நீட்டினார். உள்ளே ஒன்றுமில்லை.

நான் சிரித்துவிட்டேன். எங்கள் ஊரில் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரமாட்டோம், எதுவுமே இல்லையென்றாலும் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் தருவோம் என்று சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது. போசியை என் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஓடினார். திரும்பி வரும்போது உள்ளே ஒரு பிடி சர்க்கரை இருந்தது. அதன்பிறகு ஐந்து வருஷம் அந்தப் போசி இந்தச் சுவரைத் தாண்டிப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது, ஒருநாளும் வெறுமனே வந்ததில்லை. ஆரஞ்சுச் சுளை, வறுத்த வேர்க்கடலை, புரட்டாசி மாதத்தில் எனக்கென்று முட்டைக்கோஸ் மட்டும் வைத்து அவித்த கொழுக்கட்டை. புரட்டாசி எப்போது வருகிறது என்று என்னிடம் கேட்டுத் தன் நாள்காட்டியில் குறித்து வைத்திருந்தார். என் மாமியார் வீட்டிலேயே அவ்வளவு அக்கறை எனக்குக் கிடைத்ததில்லை.

2020 பிப்ரவரி. எங்கள் குடியிருப்பில் இருக்கும் ஒன்பது தமிழ்க் குடும்பங்களுக்கும் சேர்த்துக் கைப்பேசியில் ஒரு குழு உண்டு. அதுவரை அதில் கறிவேப்பிலை யார் வீட்டில் கிடைக்கும், வரிக் கணக்கு யாரிடம் போடுவது என்பதுதான் பேச்சு. அந்த மாதம் காலையில் கண் விழித்தால் நாற்பது ஃபார்வர்டு வந்து கிடக்கும். வௌவால் சூப், பாம்புக் கறி, தேள் வறுவல். "இவனுக எதைத்தான் திங்கமாட்டானுக" என்று ஒருவர் எழுத, கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். எழுதியவர் யார் தெரியுமா? பென்சில்வேனியாவில் ஒரு பண்ணைக்கு மூன்று மணி நேரம் கார் ஓட்டிப் போய், ஆட்டை நிற்கவைத்து அறுத்து வாங்கி, தலை, குடல், ரத்தம் எதையும் விடாமல் ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து, ரத்தப் பொரியலைப் படம் பிடித்து அதே குழுவில் போடுகிற அண்ணன். நான் மட்டும் என்ன? முதல் மழைக்கு ஈசல் பிடித்து, பொரியோடு வறுத்து, பாவாடையில் கட்டிக்கொண்டு தின்று வளர்ந்தவள். நானும் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டேன். அது இன்னும் அங்கே இருக்கிறது, போன வாரம்கூடத் தேடிப் பார்த்தேன்.

அதோடு இன்னொரு வகை ஃபார்வர்டும் வந்தது. கை குலுக்காமல் கும்பிட்டது, வெளியே போய் வந்தால் கால் கழுவியது, தீட்டு என்று தள்ளி நின்றது, எல்லாமே நம் முன்னோர்களின் விஞ்ஞானமாம். தள்ளி நின்றார்களா, தள்ளி வைத்தார்களா என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் தோட்டத்தில் கரும்பு வெட்ட வருகிறவர்களுக்கென்று மாட்டுக் கொட்டகைச் சுவரில் தனியாக நான்கு தம்ளர்கள் கவிழ்ந்து கிடக்கும். அவர்களே எடுத்து, அவர்களே கழுவி, அவர்களே கவிழ்த்து வைக்க வேண்டும். அம்மா மேலேயிருந்து காபியை ஊற்றுவாள், சொம்பு தம்ளரில் படாது. இந்த விஞ்ஞானத்தைத்தான் நாங்கள் விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தோம்.

அந்த வருஷப் பொங்கல் விழாவைப் பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமைக்குத் தள்ளி வைத்திருந்தோம். வழக்கமாகப் பக்கத்து வீட்டம்மாவும் வருவார். ஒரு வருஷம் என் புடவையைக் கட்டிக்கொண்டு கும்மிகூட அடித்தார். விழாவை நடத்துகிற அண்ணன் எனக்குப் போன் செய்தார்.

"ஏம்மா, அந்த சைனீஸ் லேடிய இந்தத் தடவ கூப்புட வேண்டாமே. தப்பா நெனச்சுக்காத. கொழந்தைங்க எல்லாம் வருதுங்க. ரெண்டு வாரம் போவட்டும், அப்புறம் தனியா ஒருநாள் கூப்புட்டுக்கலாம்."

"அவங்க சைனாவுக்குப் போயே ஆறு வருஷம் ஆச்சுங்கண்ணா."

"அவங்க போவலீன்னா என்ன, அவங்க ஆளுக வந்து போவாங்கல்ல? நீயே பக்குவமா சொல்லிப்போடு. நீதான அவங்களுக்குப் ஃப்ரெண்டு."

இந்த அண்ணன் அதற்கு நான்கு நாள் முன்புதான் கோயம்புத்தூரிலிருந்து திரும்பியிருந்தார். வழியில் சிங்கப்பூர் விமான நிலையத்தில் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்ததையும், அங்கே எல்லாரும் முகமூடி போட்டுத் திரிந்ததையும் அவரேதான் எங்களுக்குக் கதை கதையாகச் சொன்னார். விழாவில் பந்திக்கு வடை வைத்தவரும் அவர்தான், வெறும் கையால். நாங்கள் எல்லாரும் இரண்டிரண்டு வாங்கிச் சாப்பிட்டோம். நான் ஒரு மருந்துக் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டில் வேலை செய்கிறேன். கிருமி எதில் பரவும், எதில் பரவாது என்று ஆவணம் எழுதித்தான் சம்பளம் வாங்குகிறேன். எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

பக்கத்து வீட்டம்மாவிடம் போய், இந்த வருஷம் மண்டபம் கிடைக்கவில்லை, விழா இல்லை என்று பொய் சொன்னேன். அடடா, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். சனிக்கிழமை காலை நான் பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, ஓர் அண்டா நிறைய சர்க்கரைப் பொங்கலோடு காருக்கு நடந்தேன். அவர் தன் வாசற்படியில் உறைந்த பனிக்கு உப்புத் தூவிக்கொண்டிருந்தார். என் புடவையைப் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார். புடவை ரொம்ப அழகாக இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, மறுபடி குனிந்து உப்புத் தூவத் தொடங்கினார். காரில் பின்னால் உட்கார்ந்திருந்த என் மகள், அப்போது பதினைந்து வயது, "யூ லைடு டு ஹெர்? பொய்யா சொன்ன?" என்று கேட்டாள். சீட் பெல்ட் போடு என்றேன்.

மார்ச்சில் ஊரடங்கு வந்தது. முகக்கவசம் எந்தக் கடையிலும் இல்லை. ஒரு நாள் கதவைத் திறந்தால் வாசலில் எங்கள் தூக்குப் போசி. ஜனவரியில் நான் புளிசாதம் கொடுத்தனுப்பியது, அவரிடமே இருந்தது. உள்ளே உறை பிரிக்காத முகக்கவசங்கள், மொத்தம் இருபது. கூடவே ஒரு துண்டுச் சீட்டு. அவருடைய அக்கா ஷாங்காயிலிருந்து அனுப்பிய பார்சல் மூன்று வாரம் கழித்து வந்து சேர்ந்ததாம், அதில் பாதி எங்களுக்காம். கடைசி வரியில், "போசி வெறுமனே வரவில்லை" என்று ஆங்கிலத்தில் எழுதி ஒரு சிரித்த முகம் வரைந்திருந்தார். பொய் சொல்லி விழாவுக்கு வராமல் செய்தவளுக்கு அவர் கொடுத்தது இது.

நான் அதை எடுத்துக்கொண்டு உள்ளே வருவதற்குள் என் கணவர் மாடிப்படியிலிருந்து கத்தினார்.

"அம்மிணி, அங்கயே வை! சைனாவுல இருந்து வந்த பார்சலு. அதப் போயி ஊட்டுக்குள்ள கொண்டாருவியா?"

"மாஸ்க்குங்க. கடையில எங்கயும் கெடைக்கறதில்ல."

"எவன் தொட்டு பேக் பண்ணுனானோ. தூக்கி எறிஞ்சு போடு. உனக்குப் புள்ள முக்கியமா, அந்தம்மா முக்கியமா?"

மூன்று வாரம் பெட்டிக்குள் கிடந்த ஒரு காகிதப் பொட்டலத்தால் எதுவும் வராது என்று அவருக்குச் சொல்ல எனக்குப் படிப்பு இருந்தது. சொல்லவில்லை. மனத்தின் மூலையில் நானும் அதையேதான் நினைத்திருந்தேன், அவர் சொன்னது எனக்கு வசதியாகப் போயிற்று. பாலிதீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு முகக்கவசங்களை எடுத்து, வரிசை முனையில் இருக்கும் பொதுக் குப்பைத் தொட்டியில் போட்டேன். போசியைக் கொதிக்கிற தண்ணீரில் மஞ்சளும் கிருமிநாசினியும் போட்டு ஊறவைத்தேன். பிறகு வீட்டுக்குள் எடுக்காமல் பின்பக்கச் சுவரோரம் கவிழ்த்து வைத்தேன், ஒரு வாரம் வெயில் படட்டும் என்று. கவிழ்த்துவிட்டு நிமிரும்போது எனக்கு அந்த மாட்டுக் கொட்டகைச் சுவர் ஞாபகம் வந்தது. அம்மாவின் பெயர் மேலே பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதும் அதை எடுத்து உள்ளே வைக்கவில்லை, பாருங்கள். ஒரு வாரம் முழுசாக விட்டு வைத்தேன்.

ஏப்ரல் கடைசியில் பெரிய கடை வாசலில் வரிசையில் நின்றோம். ஆறடிக்கு ஒரு கோடு போட்டு, உள்ளே பத்துப் பத்துப் பேராக விட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குள்ளேயே கிடந்து பைத்தியம் பிடிக்கிறது என்று மகளும் கூட வந்திருந்தாள். நாங்கள் மூவரும் துணியில் தைத்த கவசம் கட்டியிருந்தோம். எங்களுக்கு முன்கோட்டில் பக்கத்து வீட்டம்மா நின்றார். தலையாட்டினார், தலையாட்டினோம். அவருக்கு முன்னால், முகத்தில் எதுவும் போடாமல், தொப்பி வைத்த ஓர் ஆள். திரும்பிப் பார்த்தவன் அவரிடம் கத்த ஆரம்பித்தான். எல்லாம் உங்களால் வந்தது, இங்கே எதற்கு நிற்கிறாய், உன் நாட்டுக்குப் போ என்றான். அந்த நாட்களில் தொலைக்காட்சியில் பெரிய பெரிய பதவியில் இருந்தவர்களே கிருமிக்கு ஒரு நாட்டின் பெயரை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள், இவன் அதை வரிசையில் நின்று சொன்னான். பக்கத்து வீட்டம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவன் பார்வை எங்கள் மேல் திரும்பியது. நீங்களும் அந்தக் கூட்டமா என்று கேட்டான்.

என் கணவர் இரண்டு கையையும் உயர்த்தினார். "நோ சார், நோ. வி ஆர் இந்தியன்ஸ்" என்றார்.

சார்! அலுவலகத்தில் தன் மேலாளரையே பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மனிதர், வரிசையில் நின்று வசவு பேசுகிறவனைச் சார் என்றார். நான்? நான் பக்கத்தில் நின்று, ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். ஆட்டியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, கழுத்து இன்னும் அதை மறக்கவில்லை. அப்படியானால் அவளிடமிருந்து தள்ளி நில்லுங்கள் என்றான் அவன். என் கணவர் தள்ளுவண்டியை இரண்டடி பின்னால் இழுத்தார்.

மகள் எங்களை விட்டு முன்னால் நடந்துபோய் பக்கத்து வீட்டம்மாவின் அருகில் நின்றாள். கோட்டையும் மதிக்கவில்லை, ஆறடியையும் மதிக்கவில்லை. "கண்ணு, இங்க வா. வான்னு சொல்றேன்ல" என்று என் கணவர் பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டார். அவள் திரும்பவே இல்லை. பக்கத்து வீட்டம்மாதான் அவள் தோளைத் தொடப்போய், தொடாமல் கையை மடக்கிக்கொண்டு, உன் அம்மாவிடம் போ என்றார். பிறகு எதுவும் வாங்காமல் தன் காருக்கு நடந்தார். என்னைக் கடக்கும்போது ஒருமுறை பார்த்தார். நாங்கள் வரிசையில் ஒரு கோடு முன்னேறினோம். பாலும் தயிரும் வாங்கிக்கொண்டு வந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் மகள் தன் அப்பாவிடம் கேட்டாள், "ஒய் டிட் யூ கால் ஹிம் சார்?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. இன்னும் கிரீன் கார்டு வரல. அவன் ஒரு கம்ப்ளைண்ட் குடுத்தான்னா யாரு பாக்கறது? வாய வெச்சுட்டு சும்மா இருக்கோணும்."

இதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன், அந்தப் பயம் நிஜம். விசாவில் இருக்கிறவனுக்குப் போலீஸ் கார் பின்னால் வந்தாலே வண்டியை ஓரங்கட்டத் தோன்றும். ஆனால் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே! அவர் வாயைத் திறந்தார். திறந்து, அடிக்கிறவனுக்கு ஆள் அடையாளம் காட்டினார். எங்களுக்கு வெள்ளைக்காரனின் வரிசையில் ஓர் இடம் வேண்டியிருந்தது. எங்களுக்குக் கீழே ஓர் ஆள் கிடைத்ததும் அந்த இடம் கிடைத்துவிட்டதாக நம்பினோம். ஊரில் பழகின பழக்கம், கை தானாகச் செய்கிறது.

அடுத்த வருஷம் வசந்தத்தில் எங்கள் முறை வந்தது. இந்தியாவில் பிணங்கள் எரிவதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். புதிய வகைக் கிருமிக்கு ஊரெல்லாம் எங்கள் நாட்டின் பெயரைச் சொன்னார்கள். என் கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் பேட்மிண்டன் ஆடுகிற இடத்தில், இந்தியர்கள் இரண்டு வாரத்துக்கு வரவேண்டாம் என்று நிர்வாகி பக்குவமாகச் சொல்லியனுப்பினார். அவர் மட்டையைச் சோபாவில் எறிந்தார்.

"நான் ஊருக்குப் போயி ரெண்டரை வருஷம் ஆச்சு! எங்கிட்ட எப்புடி வரும்? படிச்சவனுக தான இவனுக? வாட் நான்சென்ஸ்!"

மகள் சாப்பாட்டு மேசையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள், "ஜஸ்ட் டெல் தெம் வி ஆர் நாட் இந்தியன்ஸ், அப்பா."

அவர் மாடிக்குப் போய்விட்டார். இன்றுவரை அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. அவர் இப்போதும் தமிழ்ச் சங்கத்தில் அந்தப் பேட்மிண்டன் கதையைச் சொல்வார், கடை வாசல் கதையைச் சொல்லமாட்டார்.

மறுநாள் நான் அரிசிம்பருப்புச் சாதம் செய்தேன். அந்தத் தூக்குப் போசியில் வைத்து, நெய் விட்டு, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். ஒரு வருஷமாக நாங்கள் கையசைப்பதோடு சரி. அவர் கதவைத் திறந்தார். வேலை உடுப்பில் இருந்தார், கன்னத்தில் கவசக் கயிற்றின் தழும்பு. நான் தயார் செய்துகொண்டு போனதையெல்லாம் விட்டுவிட்டு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். விழா நடந்தது, உங்களைக் கூப்பிட வேண்டாம் என்றார்கள், நான் பொய் சொன்னேன். கடை வாசலில் நான் தலையாட்டினேன். நீங்கள் கொடுத்த முகக்கவசங்களைக் குப்பையில் போட்டேன்.

தெரியும் என்றார். குப்பை போடப் போனபோது மேலாகவே கிடந்ததாம், உறையைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்ததாம். எங்கள் முதியோர் இல்லத்தில் அப்போது ஒரு கவசத்தையே ஐந்து நாள் போட்டுக்கொண்டிருந்தோம், எடுத்துக்கொண்டுபோய் எல்லாருமாகப் போட்டுக்கொண்டோம், நல்ல கவசங்கள் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன், எனக்கு அது சுலபமாக இருந்திருக்கும். போசியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நன்றி, இது எனக்குப் பிடிக்கும் என்றார். கதவை மெதுவாகச் சாத்தினார்.

மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஒரு போசிச் சாதத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கவும் தூங்கினேன். என் மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் அந்தத் தூக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

மறுநாள் காலையில் வாசலில் போசி இருந்தது. கழுவி, ஈரம் போகத் துடைத்து, மூடியைச் சரியாக அழுத்தி மூடியிருந்தார். மகள் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள், எனக்குப் பின்னால் வந்து நின்றாள். நான் குனிந்து எடுத்து மூடியைத் திறந்தேன். ஒரு பிடி சர்க்கரைகூட இல்லை.